கடுகுக்கு ஒரு டி.கே.எம். 6 வேண்டும்



இன்று நான் பேச வந்திருப்பது கடுகைப் பற்றி. எண்ணெய் எடுக்கும் கடுகைப் பற்றி. அந்தப் பயிரை மனிதன் எப்படி உருவாக்கினான், எப்படி விளைவிக்கிறான், எப்படிக் காப்பாற்றுகிறான் என்பதைப் பற்றி. தலைப்பைச் சொன்னதும் விழாக்குழு நண்பர் ஒருவர் கேட்டார்: "நம்ம மாவட்டத்துல கடுகு யாரு சார் போடறாங்க? வேர்க்கடலையப் பத்திப் பேசலாமே?" நியாயமான கேள்வி. நம் மாவட்டத்தில் கடுகு வயலைத் தேடினால் கிடைக்காது. ஆனால் கடுகு இல்லாத அடுப்படி ஒன்று கிடைக்குமா? சாம்பாருக்குத் தாளிக்கக் கடுகு, சட்னிக்குத் தாளிக்கக் கடுகு, ஊறுகாய்க்கு அரைத்துப் போடக் கடுகு. தினமும் கையில் எடுக்கிறோம். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ராஜஸ்தானிலிருந்து வருகிறது. இந்தியாவில் விளையும் கடுகில் ஏறத்தாழப் பாதி அந்த ஒரு மாநிலத்தில் விளைகிறது. மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ஹரியானா, மேற்கு வங்கம் ஆகியவை மீதியின் பெரும் பங்கைத் தருகின்றன. நாடு முழுவதும் சுமார் 90 லட்சம் ஹெக்டேரில் கடுகு இனப் பயிர்கள் நிற்கின்றன. நமக்குக் கடுகு தாளிக்கும் பொருள். அவர்களுக்கு அதுதான் எண்ணெய். நாம் நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் செய்வதையெல்லாம் ஒரு வங்காளி வீட்டில் கடுகெண்ணெயில் செய்வார்கள்.

ஏன் நம்மிடம் அது விளைவதில்லை? மண்ணைக் குறை சொல்ல வேண்டாம். வானத்தைப் பாருங்கள். கடுகுக்கு விதைப்பு அக்டோபர், அறுவடை பிப்ரவரி, மார்ச். இடையில் அதற்கு வேண்டியது குளிர்ந்த, வறண்ட, வெயில் தெளிந்த நாட்கள். ஒன்றிரண்டு தண்ணீர் போதும். நமக்கு அக்டோபரில் என்ன நடக்கிறது? வடகிழக்குப் பருவமழை. கூவத்திலும் கொசஸ்தலையிலும் வெள்ளம். வேரடியில் தண்ணீர் தேங்கினால் கடுகு நிற்காது. மழை விட்டு நிமிரும்போது அது கேட்கும் குளிர் நம்மிடம் இல்லை. ஆகவே வடக்கு கடுகை எடுத்துக்கொண்டது, நாம் எள்ளையும் வேர்க்கடலையையும் எடுத்துக்கொண்டோம். பருவம் பங்கு பிரித்துக் கொடுத்த சொத்து இது. இதில் சண்டைக்கு இடமில்லை.

அப்படியானால் இந்தப் பேச்சு இந்த ஊரில் எதற்கு? இங்கேதான் உங்கள் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இங்கே வேப்பம்பட்டில் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் செவ்வாப்பேட்டை ரோடு. அதற்குப் பக்கத்தில் திரூர். அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த இடத்துக்குப் பழைய பெயர் திரூர்க்குப்பம். அந்தப் பெயரின் சுருக்கம்தான் டி.கே.எம். அங்கிருந்து வெளிவந்த நெல் ஒவ்வொன்றும் அந்த மூன்று எழுத்தோடுதான் ஊர் ஊராகப் போனது. அவற்றில் ஒன்று டி.கே.எம். 6. 1952இல் வெளியானது.

டி.கே.எம். 6இன் சிறப்பு என்ன? பெரிய விளைச்சலா? இல்லை. தண்டுத்துளைப்பான் தாக்கினால் மற்ற நெல்லில் நடுக்குருத்து காய்ந்துவிடும், கதிர் வெளுத்துப் பதராய் நிற்கும். டி.கே.எம். 6 அந்தப் புழுவை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கி நின்றது. பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் என்ற ஊரில் உலக நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1966இல் அவர்கள் ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல்லைக் கொடுத்தார்கள். அள்ளிக் கொடுத்த நெல் அது. அதே வேகத்தில் பூச்சிக்கும் நோய்க்கும் இரையாயிற்று. தாங்குதிறன் எங்கே கிடைக்கும் என்று உலகத்தின் நெல்லையெல்லாம் சலித்துப் பார்த்தார்கள். கைக்கு அகப்பட்டது உங்கள் திரூர் நெல். அதைப் பெற்றோரில் ஒன்றாக வைத்துக் கலந்ததில் 1969இல் பிறந்தது ஐ.ஆர். 20. இந்த அரங்கில் நரைத்த தலைகளுக்கெல்லாம் அந்தப் பெயர் தெரியும். ஐ.ஆர். இருபது அரிசிச் சோறு சாப்பிடாத வீடு தமிழ்நாட்டில் இருந்ததா? அந்தச் சோற்றில் ஒரு பங்கு உங்களுக்கு அடுத்த ஸ்டேஷனிலிருந்து போனது.

இதைச் சொல்லாமல் நான் கடுகுக்குள் நுழைய முடியாது. ஏனென்றால் கடுகின் கதை முழுவதும் ஒரு டி.கே.எம். 6ஐத் தேடும் கதை.

முதலில் குடும்பத்தைப் பார்ப்போம். நாகஹாரு ஊ என்று ஒரு விஞ்ஞானி. ஜப்பானில் கொரியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர். கொரியர்கள் அவரை ஊ ஜாங் சுன் என்று அழைப்பார்கள். 1935இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். கடுகுக் குடும்பத்தின் ஆறு பயிர்களுக்கும் உறவு முறை சொன்ன கட்டுரை. மூலவர் மூவர். ஒன்று கருங்கடுகு, அதன் குரோமோசோம் 8 ஜோடி. இரண்டாவது முட்டைக்கோஸ், அதற்கு 9. மூன்றாவது டர்னிப்பும் வடநாட்டு மஞ்சள் சர்சோனும் சேர்ந்த இனம், அதற்கு 10. இப்போது கூட்டுங்கள், மாணவர்களே! கருங்கடுகும் டர்னிப்பும் கூடினால் 18. அதுதான் வடநாட்டில் ராய் என்கிற கடுகு, இன்று நம் அஞ்சறைப்பெட்டியில் பெரும்பாலும் இருப்பது. முட்டைக்கோசும் டர்னிப்பும் கூடினால் 19. அதுதான் ஐரோப்பாவும் கனடாவும் பயிரிடும் ரேப்சீடு. கருங்கடுகும் முட்டைக்கோசும் கூடினால் 17. அது எத்தியோப்பியக் கடுகு. இயற்கை வயல் ஓரத்தில் எப்போதோ செய்து முடித்திருந்த கணக்கை அந்த மனிதர் காகிதத்தில் முக்கோணமாக வரைந்து காட்டினார். 1950இல் கொரியாவுக்குப் போனார். போரில் சிதைந்த அந்த நாட்டுக்குச் சொந்தமாகக் கோஸ் விதையும் முள்ளங்கி விதையும் உண்டாக்கிக் கொடுத்து 1959இல் மறைந்தார்.

உறவு தெரிந்தால் என்ன பயன்? யாரை யாரோடு கலக்கலாம் என்பது தெரியும். பயிர்ப் பெருக்கத்துக்கு அதுதான் முதல் பாடம்.

இரண்டாவது பாடம் கனடாவில் நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ரேப்சீடு பயிரிட்டார்கள். எதற்கு? சமையலுக்கா? கப்பல்களின் நீராவி எந்திரங்களுக்கு மசகெண்ணெயாக! போர் முடிந்தது, எண்ணெய் மிஞ்சியது, சமைக்கலாமே என்று நினைத்தார்கள். இரண்டு தடை. எண்ணெயில் எருசிக் அமிலம் அதிகம். சோதனை எலிகளின் இதயத் தசையில் அது கொழுப்பைப் படிய வைத்தது. பிண்ணாக்கில் குளுக்கோசினோலேட் என்கிற காரப்பொருள். மாடு ஓரளவு தாங்கும், கோழிக்கும் பன்றிக்கும் ஆகாது.

இந்தக் காரத்தை நம் வீட்டுப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடுகைப் பச்சையாகத் தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறும். ஆந்திர எல்லையை ஒட்டிய நம் மாவட்டத்தில் ஆவக்காய் ஊறுகாய் போடுகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அதே கடுகைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் வெடிக்கிறது, மணக்கிறது, ஆனால் மூக்கைத் தாக்குவதில்லை. ஏன்? விதைக்குள் காரப்பொருள் ஓர் அறையில், அதை உடைக்கும் நொதி வேறொரு அறையில் இருக்கின்றன. அரைத்தால் இரண்டும் தண்ணீரில் சந்திக்கின்றன, காரம் பிறக்கிறது. சூட்டில் நொதி செத்துப்போகிறது, சந்திப்பே நடப்பதில்லை. நம் பாட்டிகள் வேதியியல் படிக்காமலே இரண்டையும் தனித்தனி வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

கனடாவில் கீத் டவுனி, பால்டர் ஸ்டெஃபான்சன் என்று இரண்டு விஞ்ஞானிகள் இந்தத் தடைகளை எடுத்துக்கொண்டார்கள். டவுனியும் அவருடன் வேலை செய்தவர்களும் பிடித்த வழியைக் கேளுங்கள். எருசிக் அமிலம் குறைந்த விதை எது என்று அறிய விதையை நசுக்கிச் சோதிக்க வேண்டும். நசுக்கினால் முளைக்காது. முளைக்கவிட்டால் சோதிக்க முடியாது. என்ன செய்வது? அந்தக் குட்டிக் கடுகை இரண்டாக வெட்டினார்கள்! ஒரு பருப்பிதழைச் சோதனைக்கு அனுப்பினார்கள், முளையோடு இருந்த மறு பாதியை நட்டார்கள். நல்ல முடிவு வந்த பாதிகளை மட்டும் வளர்த்தார்கள். கடுகளவு என்று நாம் அலட்சியமாகச் சொல்கிறோமே, அந்த அளவில் பாதி அது. தாங்குதிறனை லாஸ் பானோஸ்காரர்கள் திரூர் நெல்லில் கண்டது போல, காரம் குறைந்த குணத்தைக் கனடாக்காரர்கள் போலந்தின் பிரோனாவ்ஸ்கி என்ற பழைய ரகத்தில் கண்டார்கள். 1974இல் ஸ்டெஃபான்சன் டவர் என்ற ரகத்தை வெளியிட்டார். அமிலமும் குறைவு, காரப்பொருளும் குறைவு. சில ஆண்டுகளில் அந்த வகை எண்ணெய் கனோலா என்ற பெயரோடு உலகச் சந்தைக்கு வந்தது.

நம் நாட்டில்? டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2013இல் பூசா மஸ்டர்ட் 30 கொடுத்தது, அமிலம் குறைந்த கடுகு. 2016இல் பூசா மஸ்டர்ட் 31, இரண்டும் குறைந்தது. பெரிய சாதனைதான். ஆனால் வங்காளத்திலும் பீகாரிலும் எண்ணெய் வாங்குகிறவர் பாட்டிலைத் திறந்ததும் முதலில் எதைத் தேடுகிறார்? கண்ணில் நீர் வருகிறதா என்று பார்க்கிறார்! காரத்தை எடுத்துவிட்டேன், வாங்கு என்றால் அவர் எப்படி வாங்குவார்? ஆய்வுக்கூடம் நோய் என்று சொன்னதை நாக்கு ருசி என்று சொல்கிறது. இந்த வழக்கில் நாக்கு சுலபமாகத் தோற்காது என்பது என் கட்சி.

சரி, உருவாக்கியாயிற்று. இனி வயலுக்கு வாருங்கள்.

ஹெக்டேருக்கு நாலைந்து கிலோ விதை. அவ்வளவு சின்ன விதை. ஒரு அடி, ஒன்றரை அடி இடைவெளியில் வரிசை. முளைத்ததும் வருவது வண்ண நாவாய்ப்பூச்சி, இலைக் குருத்தை உறிஞ்சும். பிறகு இலையடியில் வெண்துரு. அது பூங்கொத்துக்கு ஏறினால் பூ காயாகாமல் மான்கொம்பு போல வீங்கித் திருகிக்கொள்ளும். அப்புறம் இலைக்கருகல், தண்டழுகல். ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் இன்னொரு கொடுமை, மண்ணுக்கடியில் ஒரோபாங்கி. இலையும் இல்லாத, பச்சையும் இல்லாத ஒட்டுண்ணிச் செடி. கடுகின் வேரில் வாய் வைத்து உறிஞ்சி, தரைக்கு மேலே பூத்து, தூசியினும் பொடியான விதையை ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். அந்த விதை மண்ணில் பல ஆண்டு உயிரோடு காத்திருக்கும். கடுகின் வேர் பக்கத்தில் வந்தால்தான் கண் விழிக்கும். மருந்தடித்து உடனே தீர்க்கிற காரியம் இல்லை. வருகிற செடியைப் பூப்பதற்கு முன் பிடுங்க வேண்டும், பயிரை மாற்றிப் போட வேண்டும்.

ஆனால் இத்தனை எதிரிகளிலும் பெரிய எதிரி யார்? ஊசிமுனை அளவுள்ள ஒரு பூச்சி. அசுவினி!

டிசம்பர் கடைசியில் வானம் மூடி, குளிர் ஈரமாகும்போது அசுவினி வருகிறது. ஆண் வேண்டாம், முட்டை வேண்டாம். பெண் பூச்சி நேரடியாகக் குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானும் குட்டி போடும். பூங்கொத்தின் தண்டு தெரியாமல் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும். காய் பிடிக்காது, பிடித்த காயும் சுருங்கும். கெட்ட வருடத்தில் பாதி விளைச்சலுக்கு மேல் போய்விடும்.

விவசாயி என்ன செய்கிறார்? முதல் தந்திரம், ஓட்டம். அக்டோபர் முதல் பாதியிலேயே விதைத்துவிட்டால், அசுவினி பெருகும் முன் பூ முடிந்து காய் தேறிவிடும். இரண்டாவது, வயல் ஓரத்தில் முதலில் அசுவினி பிடிக்கும் கொத்துகளை ஒடித்து அழிப்பது. மூன்றாவது, வேப்பங்கொட்டைச் சாறு. பெயரிலேயே வேம்பு வைத்திருக்கும் ஊரில் அதன் பெருமையை நான் பேசப் போவதில்லை. நான்காவது, பொறிவண்டு. அது அசுவினியைத் தின்று தீர்க்கும். கடைசியில்தான் மருந்து. அதையும் மாலையில்தான் அடிக்க வேண்டும். ஏன் மாலையில்? பகலில் மஞ்சள் வயல் முழுவதும் தேனீ. பரத்பூர் பக்கம் கடுகு பூக்கும் காலத்தில் தேனீப் பெட்டிகளை வரிசையாக இறக்கி வைப்பார்கள். அசுவினிக்கு அடித்த மருந்தில் தேனீ செத்தால் காயும் போச்சு, தேனும் போச்சு.

இத்தனையும் சுற்றிவளைத்துச் செய்யும் காவல். செடியே தாங்கிக்கொண்டால்? நெல்லுக்குத் திரூர் கொடுத்த அந்த வரத்தைக் கடுகுக்கு யார் கொடுப்பார்கள்?

தேடினார்கள், ஐயா. நாட்டு ரகம், வெளிநாட்டு ரகம் எல்லாவற்றையும் அசுவினிக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தார்கள். உறுதியாகத் தாங்கும் கடுகு ஒன்றும் சிக்கவில்லை. பிறகு லூதியானாவில் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தில் குடும்பத்தின் தூரத்துச் சொந்தக்காரனைத் தேடிப் போனார்கள். மத்தியதரைக் கடலோரத்தில் தானாக முளைக்கும் ஒரு காட்டுச் செடி, பிராசிகா ஃப்ரூட்டிகுலோசா. யாரும் பயிரிடாத அந்தச் செடியை அசுவினி அண்டத் தயங்குகிறது. அதன் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கலந்து கடுகுக்குள் இழுத்துவரும் வேலையில் தாங்குதிறன் கொண்ட வரிசைகள் கிடைத்திருக்கின்றன. காட்டுச் செடியின் குணம் வரும்போது வேண்டாத குணங்களும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைக் கழற்றுவதுதான் நாள் பிடிக்கும் வேலை. இந்த வேலைக்குப் பத்திரிகையில் தலைப்புச் செய்தி கிடையாது, தொலைக்காட்சி விவாதம் கிடையாது.

எதற்கு விவாதம் கிடைத்தது? டி.எம்.எச். 11க்கு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழு உருவாக்கிய மரபணு மாற்றக் கடுகு. கடுகுப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தில் தானே காய்க்கும். ஆகவே வீரிய ஒட்டு விதை எடுப்பது கடினம். ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவை வைத்து ஒரு பக்கத்துப் பூவை மலடாக்கி, மறு பக்கத்து மரபணுவால் அதை மீட்டார்கள். வருணா என்ற நம் ரகமும் கிழக்கு ஐரோப்பிய வழி வந்த ரகமும் அதன் பெற்றோர். 2022 அக்டோபரில் மத்திய அரசு சுற்றுச்சூழல் வெளியீட்டுக்கு அனுமதி தந்தது. 2024 ஜூலை 23இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், நாகரத்னா அவர்களும் சஞ்சய் கரோல் அவர்களும், இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள்.

வேண்டும் என்பவர்களிடமும் நியாயம் உண்டு, வேண்டாம் என்பவர்களிடமும் நியாயம் உண்டு. களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு அதற்குள் இருக்கிறது என்பது எதிர்ப்பவர்கள் சொல்லும் முக்கியமான குற்றச்சாட்டு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எனக்கு வேறொரு வருத்தம். இருபது வருடச் சண்டையின் சத்தம் முழுவதும் விளைச்சலைச் சுற்றியே. அந்தக் கடுகிலும் ஜனவரி மாதம் அசுவினி வந்து உட்காரும். ஐ.ஆர். 8 கற்றுக்கொடுத்த பாடத்தை நாம் ஒருமுறை படித்தவர்கள். விளைச்சலைக் கூட்டினால் மட்டும் போதாது, தாங்கவும் வேண்டும்.

நண்பர் கேட்ட வேர்க்கடலைக்கு இப்போது வருகிறேன். குடியாத்தம் பக்கத்துக் கொத்துக்கடலையிலிருந்து பொறுக்கியெடுத்து 1940இல் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகம் டி.எம்.வி. 2. தமிழ்நாட்டைத் தாண்டி ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல தலைமுறை விவசாயிகள் அதை விடாமல் போட்டார்கள். திருத்தணி, ஊத்துக்கோட்டைப் பக்கம் மானாவாரியில் கடலை போட்ட குடும்பங்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். உங்களுக்குத் தெரியும், ஒரு ரகம் நிலைப்பது கஷ்ட காலத்தில் அது காட்டும் குணத்தால்தான்.

இதெல்லாம் இவ்வளவு அவசரமா என்று கேட்கலாம். நாம் உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு வாங்கும் பாமாயில் வெளிநாட்டுத் தோட்டத்துப் பழத்தில் பிழிந்தது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி வடக்கே கிருஷ்ணபட்டினம் போய்ப் பாருங்கள், துறைமுகத்தை ஒட்டிச் சுத்திகரிப்பு ஆலைகள். கப்பலில் வந்த எண்ணெய் அங்கே தெளிகிறது. 2024 அக்டோபரில் எண்ணெய் வித்துகளுக்கான தேசிய இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 10,103 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2030-31க்குள் எண்ணெய் வித்து உற்பத்தியை 390 லட்சம் டன்னிலிருந்து 697 லட்சம் டன்னாக்க வேண்டுமாம். நல்லது. அந்தப் பணத்தில் ஒரு பங்காவது பூச்சிக்கு எதிரே நாற்றுகளை வரிசையாக நிறுத்திப் பார்க்கும் அந்தச் சலிப்பூட்டும் வேலைக்குப் போகட்டும்.

இன்னும் ஒரே ஒரு காவல் பாக்கி. வயலில் காப்பாற்றிய கடுகைச் செக்கிலும் காப்பாற்ற வேண்டும். 1998இல் டெல்லியில் கடுகெண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் கால் வீங்கியது, மூச்சு திணறியது, அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். எண்ணெயில் கலந்திருந்தது பிரமதண்டு விதையின் எண்ணெய். பிரமதண்டு எங்கே இருக்கிறது தெரியுமா? தண்டவாளத்தை ஒட்டி, விலை போகாத மனைகளில், மஞ்சள் பூவும் முள் இலையுமாக நம் கண்ணெதிரே நிற்கிறது. அதன் விதை கறுப்பு, உருண்டை, கடுகின் அளவு.

மேடைக்கு முன்னால் மேசையில் இரண்டு கிண்ணம் வைத்திருக்கிறேன். ஒன்றில் கடுகு, ஒன்றில் பிரமதண்டு விதை. எது எது என்று எழுதி வைக்கவில்லை. பக்கத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்கிறது. பிரமதண்டு விதையின் மேல் வலை போன்ற வரிகள் எழும்பி நிற்கும், ஒரு முனை கூராக இருக்கும். கடுகு வழவழப்பாகத் தெரியும். வரிசையாக வந்து பாருங்கள், மாணவர்களை முன்னால் விடுங்கள். தொட்டுப் பார்த்தவர்கள் கை கழுவிவிட்டுப் பின்னாலிருக்கும் சுண்டலுக்குப் போகலாம். கேள்விகளை அங்கேயே நின்று கேளுங்கள், நானும் வருகிறேன்.